அறுபதாயிரத்தில் டிசைன் கம்ப்யூட்டர்: இரண்டு கொட்டேஷன்களில் எது சரி?

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு கொட்டேஷன்களை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று கடலூரில் ஒரு கடையில் வாங்கியது, ரூ.60,000. இன்னொன்று சிதம்பரத்திலேயே வாங்கியது, அதில் ஏறக்குறைய பாதி. ‘பிரஸ்ல ஏழு வருஷம் டிசைனரா இருந்தேன். இனிமே வீட்டுலயே வேலை எடுக்கலாம்னு இருக்கேன். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு. நகையை வெச்சுத்தான் வாங்கணும். ரெண்டுல எதை வாங்கட்டும்?’ என்று கேட்டிருக்கிறார்.

நகை என்று சொன்னதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் அப்படியே வாங்க வேண்டாம். இன்னும் அடகு வைக்கவில்லை என்றால், முதலில் வங்கியில் முத்ரா கடன் பற்றிக் கேளுங்கள். ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை பிணை இல்லாமல் தருகிறார்கள். மிச்சத்துக்கு மட்டும் நகை போதும்.

இப்போது கடலூர் கொட்டேஷன். தனி கிராஃபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரியும் ஃபேன்களோடு கண்ணாடி கேபினட், 8 ஜி.பி. ரேம், கம்பெனி பெயரே இல்லாத ‘500 வாட்’ எஸ்.எம்.பி.எஸ்., ‘22 இன்ச் எல்.இ.டி.’ என்று மட்டும் எழுதிய மானிட்டர். யு.பி.எஸ். கிடையாது. இது கேம் விளையாடும் காலேஜ் தம்பிக்குப் போடுகிற லிஸ்ட். ‘டிசைன் வேலை’ என்று சொன்னதுமே கிராஃபிக்ஸ் கார்டு என்று கடைக்காரர் முடிவு செய்துவிட்டார்.

உங்கள் வேலைக்கு என்ன தேவை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். பத்திரிகை 5-க்கு 7 இன்ச், இன்ச்சுக்கு 300 புள்ளி என்றால் மொத்தம் 31.5 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நான்கு கலரில் ஒரு லேயருக்கு 13 எம்.பி.கூட வராது. எந்தக் கம்ப்யூட்டரும் இதைச் செய்துவிடும். அதே ஆள் வந்து 10-க்கு 20 அடி பேனர் கேட்கிறார் என்று வையுங்கள். இன்ச்சுக்கு வெறும் 72 புள்ளி வைத்தாலே கிட்டத்தட்ட 15 கோடி புள்ளிகள். ஒரு முழு லேயருக்கே சுமார் 600 எம்.பி. அதில் பின்னணி, மாப்பிள்ளை, பெண், தாய்மாமன், அவருடைய நண்பர்கள் வட்டாரம் என்று ஒவ்வொரு லேயராக ஏற ஏற 8 ஜி.பி. மூச்சு முட்டும். ரேம் நிரம்பியதும் போட்டோஷாப் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அந்த நேரத்தில்தான் மவுஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கால் அளவில் டிசைன் செய்து பிரின்ட்டில் பெரிதாக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது பாரத்தைக் குறைக்கும்தான், ஆனாலும் 8 ஜி.பி.யை வைத்துத் தொழில் தொடங்காதீர்கள்.

கல்யாண பேனரையாவது நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மங்கலான போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு வருபவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

ஆகவே 16 ஜி.பி. ரேம்தான் ஆரம்பம். போட்டோஷாப்புக்கு அடோபி நிறுவனமே பரிந்துரைக்கும் அளவு அது. 8 என்பது குறைந்தபட்சம். இதை ஒரே ஸ்டிக்காக வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். இரண்டு 8 போட்டால் வேகம் கொஞ்சம் கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் விலை குறைந்த மதர்போர்டுகளில் இரண்டே ஸ்லாட்தான் இருக்கும். பிறகு 32 ஆக்க நினைத்தால் இரண்டையும் கழற்ற வேண்டும். ரேம் விலை இப்போது இருக்கும் நிலையில் அது வயிற்றெரிச்சல். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால்தான் இங்கே ஒவ்வொரு பார்ட்ஸுக்கும் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. அடுத்த வாரமே மாறிவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிடுங்கள். கோரல் டிராவுக்கும், பத்திரிகை, பேனர் அளவிலான போட்டோஷாப் வேலைக்கும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். போட்டோஷாப்பில் வார்த்தை கொடுத்தால் படம் நிரப்பித் தரும் ஏ.ஐ. வசதி அடோபியின் சர்வரில் நடக்கிறது. அதற்கு இன்டர்நெட்தான் வேண்டும். கல்யாண வீடியோ எடிட்டிங், 3டி என்று இறங்கும்போது கார்டு வாங்கிக்கொள்ளலாம். ஏ.எம்.டி. ரைஸன் 5 5600ஜி, இன்டெல் ஐ5-12400 இரண்டும் ஆறு கோர் பிராசஸர்கள், இரண்டிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. இன்டெல்லில் நம்பரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 12400எஃப் விலை குறைவு, ஆனால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அதை மாட்டினால் மானிட்டரில் எதுவுமே வராது.

கார்டில் மிச்சமான பணம் மூன்று இடத்துக்குப் போகட்டும். முதலாவது, 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.

இரண்டாவது மானிட்டர். பத்திரிகையில் மஞ்சள் கொஞ்சம் பச்சையாக விழுந்தாலே பெண் வீட்டார் கட்டோடு திருப்பிக் கொண்டுவருவார்கள். ஆயிரம் பத்திரிகை திரும்பி வந்தால் அது மானிட்டர் விலையைத் தாண்டிவிடும். ‘ஐ.பி.எஸ். பேனலா, எஸ்.ஆர்.ஜி.பி. எத்தனை சதவிகிதம்?’ என்று கேளுங்கள். 99 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் வாங்கலாம். ‘45 சதவிகிதம் என்.டி.எஸ்.சி.’ என்று டப்பாவில் போட்டிருந்தால் அது ஆபீஸ் கணக்கு எழுதுவதற்கான மானிட்டர். நீங்கள் ஏற்கெனவே அச்சடித்த ஒரு பத்திரிகையையும் அதன் ஃபைலைப் பென் டிரைவிலும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரை ஒளியும் மையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆனால் குங்குமச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கரன்ட். நம் கடலூர் மாவட்டத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 தானே, 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல். இவையெல்லாம் பெரிய கணக்கு. சாதாரண நாளில் கரன்ட் போய்ப் போய் வருவதே ஒரு டிஸ்க்கைக் காலி செய்யப் போதும். பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையோடு இருந்தால் போதும். கார்டு இல்லாத இந்த செட்டுக்கு அதுவே தாராளம். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் கண்டிப்பாக வேண்டும். வேலையை சேவ் செய்து ஷட்டவுன் பண்ண அது நேரம் கொடுக்கும்.

கேபினட்டுக்குக் கண்ணாடி வேண்டாம். முன்பக்கம் சல்லடையும் தூசி ஃபில்டரும் உள்ளது போதும். உப்புக்காற்று ஊரில் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போடுவது மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். அதை அடிக்கடி தேட வைக்காதீர்கள். சி.பி.யூ.வைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள். ஃபைல்களின் ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் வீட்டிலும், இன்னொன்று வேறு ஊரில் அக்கா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருக்கட்டும்.

சிதம்பரம் கொட்டேஷனுக்கு வருகிறேன். அது ஆபீஸில் கழித்துக் கட்டிய ரீஃபர்பிஷ்டு செட்: ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி. உண்மையில் கடலூர் லிஸ்ட்டைவிட இதுதான் உங்கள் வேலைக்குப் பக்கம். சிக்கல் பிராசஸரில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதே கடையில் எட்டு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால், நல்ல மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் சேர்த்து வாங்கினாலும் அறுபதாயிரத்தை எட்டாது. முதல் வருஷம் பத்திரிகை வேலைதான் அதிகம் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒல்லியான பெட்டியாக இருந்தால் பிற்பாடு வேறு எஸ்.எம்.பி.எஸ்., பெரிய கார்டு போட முடியாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

புதிது என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சென்னையில் விலை குறையலாம். தை மாதம், முகூர்த்த வேலை குவிந்து கிடக்கும்போது மதர்போர்டு போனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது யார்? வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் உள்ளூரிலேயே வாங்குங்கள். ஒவ்வொரு பார்ட்ஸின் சீரியல் நம்பரும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கட்டும். ‘பில் இல்லாம போட்டுத் தரேன் அக்கா, குறைச்சுக்கலாம்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரன்ட்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் இரண்டு கொட்டேஷனிலும் இல்லை. பழைய பிரஸ்ஸில் பேஜ்மேக்கரில் பழகியிருப்பீர்கள். விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. மிகப் பழைய 16 பிட் சாஃப்ட்வேர் அதில் ஓடாது. உங்கள் சி.டி. இன்ஸ்டால் ஆகிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள். இலவசமாக வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் இருக்கிறது, யூனிகோட் தமிழ் அதில் ஒழுங்காக வரும். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த மேட்டர்கள், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். பழைய கம்ப்யூட்டரை விட்டு வருவதற்குள் நீங்கள் பயன்படுத்தும் ஃபான்ட்டுகளையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.