வாழை சாய்ந்தால் நிவாரணம் யாருக்கு?

2017 நவம்பர் 30-ம் தேதி வீசிய ஓகி புயலில் கோட்டுகால் உள்ளிட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கிராமங்களிலும், எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும் வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. இப்படி நஷ்டப்படும் விவசாயிக்குச் சர்க்கார் என்ன தருகிறது?

மத்திய அரசு 2022-ல் வகுத்த விதிப்படி, பயிரில் 33 சதவீதமாவது அழிந்திருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஒரு ஹெக்டேரில் சுமார் 2,500 வாழை நிற்கும். கணக்குப் பார்த்தால் மூடு ஒன்றுக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்தாலும் சாகுபடிச் செலவுக்குக் காணாது.

இதைவிடக் கைகொடுப்பது, 1995 முதல் கேரளத்தில் நடந்துவரும் பயிர் இன்ஷூரன்ஸ். 2017-ல் திருத்திய விகிதப்படி நேந்திரன் வாழைக்கு மூட்டுக்கு 3 ரூபாய் பிரீமியம். குலை தள்ளிய வாழை விழுந்தால் 300 ரூபாய் நஷ்டஈடு.

ஆனால் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கேரளத்தில் புதிய குத்தகை சட்டப்படி செல்லாது. ஆயினும் வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுவோர் ஏராளம். கடன் வாங்கிக் கன்று நட்டவர் ஒருவர். நிலவரி ரசீது இருப்பதோ உடைமையாளர் பெயரில். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று உடைமையாளர் அஞ்சுகிறார். காகிதம் இல்லாதவர் கிருஷி பவனில் எதைக் காட்டி மனுச் செய்வார்?

சேதத்தைப் பார்வையிட வரும் அதிகாரியே, பயிரிட்டவர் யார் என்பதை அக்கம்பக்கத்தார் சாட்சியுடன் பதிவு செய்யலாம். அந்தச் சான்று நில உரிமை எதையும் தராது என்று அரசு தெளிவாக அறிவித்துவிட்டால் உடைமையாளரின் அச்சமும் நீங்கும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்வது நல்லது.