ஐம்பது மீட்டருக்கு முன் பத்து மீட்டர்

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் சித்தப்பா மகன் படிவம் நான்கில் படிக்கிறான். போன பள்ளி விடுமுறையில் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "அண்ணே, இதுல எது அம்பது மீட்டருக்குக் குறி தவறாம சுடும்?" என்று கேட்டான். திரையில் வரிசையாகக் காற்றுத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் கீழும் அதன் வேகம் கொட்டை எழுத்தில் இருந்தது. எதற்கு வேகம் அதிகமோ அதுவே சிறந்தது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

குறி தவறாமல் சுட அதிக வேகம் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே வேகம்தான் தேவை. இதை விளங்கிக்கொள்ளப் படிவம் நான்கு இயற்பியலே போதும். குண்டு வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 10 மீட்டரைக் கடப்பதற்குள் அது 1.5 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். 50 மீட்டரில் தாழ்வு 38 சென்டிமீட்டர். தூரம் ஐந்து மடங்கு, தாழ்வு இருபத்தைந்து மடங்கு! இதைக் குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அடுத்த குண்டு 175 மீட்டர் வேகத்தில் போனால்தான் வில்லங்கம். 50 மீட்டரில் அது முந்தைய குண்டைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கீழே விழும். 10 மீட்டரில் அந்த வேறுபாடு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் ஒலிம்பிக் 10 மீட்டர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளியே அரை மில்லிமீட்டர்தான்.

அதனால்தான் போட்டியாளர்கள் ஈயக்குண்டுக்கு அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். 4.5 மில்லிமீட்டர் குண்டுகளே 4.49, 4.50, 4.51 என்று தலையின் அளவு பிரித்து விற்கப்படுகின்றன. ஒரு துப்பாக்கியில் ஒரே துளையில் விழும் குண்டு இன்னொன்றில் சிதறும். துப்பாக்கியை அசையாமல் பொருத்திச் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டைத் தலைக் குண்டு காகிதத்தில் வட்டமாகத் துளையிடும், புள்ளி எண்ண வசதி. ஆனால் தூரம் கூடினால் தடுமாறும். 50 மீட்டருக்கு உருண்டைத் தலையும் சற்றுக் கூடுதல் எடையும் வேண்டும். விளம்பரத்தில் மயக்கும் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினாலோ, குண்டு தள்ளாடத் தொடங்கிவிடும். சுருள்வில் துப்பாக்கி சுடும்போதே உள்ளே குலுங்கும். அழுத்திய காற்றைக் கலத்தில் சேர்த்து வைத்திருக்கும் வகை அவ்வளவாக அசையாது, விலைதான் அதிகம்.

தம்பி உற்சாகமாகிவிட்டான். பிறகுதான் சட்டத்தைச் சொன்னேன். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் விற்றார்கள், வாங்கினேன் என்பதெல்லாம் போலீசாரிடம் எடுபடாது. "எதைச் சுடப் போகிறாய்?" என்று கேட்டேன். குரங்கு, பறவை என்று இழுத்தான். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறதே! எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டிவைக்கும் செம்பனைக் காட்டில் துப்பாக்கியோடு பையன்கள் திரிவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் "வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இதுவரை எதிலும் ஒட்டாத பையன், அரை மில்லிமீட்டர் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். நம் நாட்டின் நூர் சூர்யானி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நின்றவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் அதே போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டார். ஆள் பலமோ உயரமோ கேட்காத விளையாட்டு இது.

தேசியத் துப்பாக்கிச் சுடும் தளம் சுபாங்கில் இருக்கிறது. சிலாங்கூர்தான் என்றாலும், வண்டியில்லாத தோட்டத்து மாணவனுக்கு அது வேறு நாடு. பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர், நமக்கு வேண்டியதோ 10. கோல சிலாங்கூரிலோ தஞ்சோங் காராங்கிலோ ஒரு மண்டபம், குண்டைத் தாங்கும் பின்தடுப்பு, உரிமம் பெற்ற சங்கத்தின் துப்பாக்கிகள், அவற்றைப் பூட்டிவைக்க ஒரு பெட்டகம், வாரம் ஒருநாள் வரும் ஒரு பயிற்றுநர். நம் இளைஞர் இயக்கங்கள் காற்பந்துக்கும் ஓட்டத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை இதற்கும் கேட்டுப் பெறலாம்.

அதுவரை காத்திருக்கச் சொன்னால் தம்பி மறுபடியும் கைப்பேசியைத்தான் தேடுவான். அடுத்த விடுமுறையில் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்து அவனைச் சுபாங்குக்கு அழைத்துப் போகிறேன். முதலில் பார்க்கட்டும்.