புகைக் கணக்கை எழுதுவது யார்?

பாய்லர் அறையில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று நீராவி அழுத்தத்தின் கணக்கு. மற்றொன்று புகையின் கணக்கு. முதல் கணக்கில் பொய் எழுதினால் பாய்லர் வெடிக்கும், ஊரே கூடும், மந்திரிகள் வருவார்கள். இரண்டாவது கணக்கில் பொய் எழுதினால் எதுவும் வெடிப்பதில்லை. தொழிலாளியின் நுரையீரல் மட்டும் சத்தமில்லாமல் கெடும். அதனால்தானோ என்னவோ, முதல் கணக்குக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்குகூட இரண்டாவது கணக்குக்கு நமது சர்க்கார்கள் காட்டவில்லை.

நீராவியின் கணக்கு எப்படிப் பிறந்தது? 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்தது. மறு ஆண்டே வங்காளத்தில் சோதனைச் சட்டம் வந்தது. 1923-ல் அது இந்தியா முழுமைக்குமான சட்டமாயிற்று. 2025-ம் ஆண்டு மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்றே, அதற்குப் பதிலாகப் புதிய பாய்லர் சட்டம் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டங்களின்படி பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும்; காலாகாலத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும்; தகுதிச் சான்று பெற்ற தொழிலாளிதான் அதை இயக்க வேண்டும்; விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் 2017 நவம்பரில் உத்தரப் பிரதேசம் உஞ்சாகாரில் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நமது நெய்வேலியில் 2020 மே 7-ம் தேதி ஒரு முறையும், ஜூலை 1-ம் தேதி மறு முறையும் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட இடைவெளி இல்லை! கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துக்கே, நூறாண்டுச் சட்டம் இருந்தும் இந்தக் கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின் கதி என்ன?

புகைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. காற்று மாசுச் சட்டம் 1981-ல் வந்தது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. வாரியத்தின் இசைவைப் பெற்ற ஆலை எவ்வளவு எரித்தது, எவ்வளவு மாசை வெளியே விட்டது என்று ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் ஐந்தாம் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 1992 முதல் உள்ள விதி. மணிக்கு 15 டன்னும் அதற்கு மேலும் நீராவி தரும் பாய்லரின் புகையில், ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் தூசு இருக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. புகைபோக்கியில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, புகையை உறிஞ்சி, வடிகட்டியில் தங்கும் தூசை எடை போட்டுப் பார்ப்பது சோதனை முறை. படிவம் இருக்கிறது, அளவு இருக்கிறது, கருவி இருக்கிறது. குறை எங்கே?

எழுதுகிறவனுக்குக் கூலி கொடுப்பது யார் என்ற இடத்தில் இருக்கிறது குறை. ஐந்தாம் படிவத்தை எழுதிக் கொடுப்பவர் ஆலை முதலாளி. புகையை அளக்க வரும் ஆய்வுக்கூடத்துக்கும் தணிக்கையாளருக்கும் பல இடங்களில் பணம் கொடுப்பவரும் அவரே. அளக்கப் போகும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் நல்ல விறகைப் போட்டு, பாரத்தைக் குறைத்து ஓட்டுவதை யார் தடுக்க முடியும்? கறாராக அளந்து எழுதுகிற தணிக்கையாளரை மறு வருஷம் எந்த முதலாளி கூப்பிடுவார்? திருடனே காவலுக்குக் கூலி கொடுத்தால், காவல்காரன் யாரைப் பிடிப்பான்?

இதை நாம் வெறும் சந்தேகத்தில் சொல்லவில்லை. குஜராத்தில் ஹைகோர்ட் உத்தரவின் பேரில் 1996 முதல் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை நடந்து வந்தது. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் கூலி கொடுப்பதும் ஆலைதான். 2009-ல் தொடங்கி இரண்டாண்டு காலம், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் சக ஆய்வாளர்களும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளில் இதைச் சோதித்தார்கள். பழைய முறைப்படி அளந்த தணிக்கையாளர்கள், நூற்றுக்கு 7 ஆலைகளே தூசு வரம்பை மீறுவதாக எழுதியிருந்தார்கள். வேறு ஆட்களை அனுப்பி மறுபடி அளந்தபோது வெளிவந்த உண்மை என்ன? நூற்றுக்கு 59 ஆலைகள் மீறின! தணிக்கை ஏடுகளில் இருந்த எண்களோ 150-க்குச் சற்றுக் கீழே, வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. பாஸ் மார்க்குக்கு ஒரு மார்க் மேலே வகுப்பு முழுவதும் நின்றால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராதா?

அதே ஆய்வில், பாதி ஆலைகளுக்கு முறையை மாற்றினார்கள். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்கவில்லை; குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கூலியை ஆலை தரவில்லை. நிர்ணயித்த தொகை பொது நிதியிலிருந்து வந்தது. அளந்ததில் ஒரு பங்கை வேறு ஆள் போய் மறுபடி அளந்தார். இரண்டாம் ஆண்டில், சரியாக அளந்தவருக்குக் கூடுதல் தொகையும் கிடைத்தது. அதே ஊர், அதே தணிக்கைத் தொழில். ஆனால் எழுதுகோல் உண்மை எழுத ஆரம்பித்தது. அதைவிட முக்கியம், உண்மை எழுதப்படுகிறது என்று தெரிந்தவுடன் ஆலைகளே புகையைக் குறைத்தன. மனிதன் கெட்டவன் என்பதல்ல இதன் பாடம். மனிதனைப் பொய் சொல்ல வைக்கும் ஏற்பாடு கெட்டது என்பதே பாடம்.

இந்தப் பாடம் டில்லிக்கு எட்டியிருக்கிறதா? ஒரு பகுதி எட்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், பதிவு பெற்ற தணிக்கையாளரை ஆலைக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும் என்கின்றன. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் குலுக்கல் என்பது நாற்காலியின் ஒரு கால் மட்டுமே. பொது நிதியிலிருந்து கூலி, மறு அளவை, உண்மைக்கு ஊக்கம் என்ற மற்ற மூன்று கால்களும் வேண்டும். ஒற்றைக் காலில் நாற்காலி நிற்காது.

மறுபுறம், பொய்க்குப் பயமும் போய்விட்டது. 2023-ல் நிறைவேறி, காற்று மாசுச் சட்டத்தைப் பொறுத்தவரை 2024 ஏப்ரல் முதல் அமலான திருத்தத்தின்படி, முன்பு சிறைத்தண்டனை இருந்த குற்றங்களுக்கு இப்போது 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம்தான். பெரிய முதலாளிக்கு அது அபராதமா, செலவுக் கணக்கில் ஒரு வரியா? நீராவிக் கணக்கிலும் இதே ஓட்டை விழுந்து வருகிறது. சர்க்கார் இன்ஸ்பெக்டருக்கு வெளியே, அங்கீகாரம் பெற்ற தனியாரும் பாய்லரைச் சோதிக்கலாம் என்று 2007-ல் வழி திறந்தார்கள். 2025-ம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியை மூடவில்லை. குஜராத்தின் பாடம் அங்கேயும் பொருந்தும் என்று எச்சரிக்கிறோம்.

"எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆலை எங்கே இருக்கிறது?" என்று அப்பகுதித் தோழர்கள் கேட்கலாம். வேளச்சேரி சாலையில் வீடுகளும் கடைகளும்தானே கண்ணுக்குத் தெரிகின்றன! ஆனால் பாய்லர் என்பது ஆலைக்கு மட்டும் சொந்தமல்ல. ஆஸ்பத்திரித் துணி வெளுக்க, ஓட்டலில் இட்லி வேக, கல்யாண மண்டபத்தில் சாதம் வடிக்க, சலவைக்கடையில் துணி தேய்க்க, எங்கும் நீராவி வேண்டும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு என்றால் பாய்லர் சட்டம் அதை அண்டுவதே இல்லை. டீசலோ விறகோ எரித்தால் புகை மட்டும் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் 2011-ல் வந்த விதிகள், எண்ணெயும் விறகும் நிலக்கரியும் எரிக்கிற ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட பாய்லர்களைக்கூட விடவில்லை. குறித்த காலத்தில் பாய்லரைச் சீர்செய்து, அதன் ஏட்டை ஐந்தாண்டு பாதுகாக்கச் சொல்கின்றன. இங்கே அப்படி ஏடு வைத்திருக்கும் ஓட்டல் எத்தனை?

மேலும், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர்த் தொழிலாளிகள் வேலைக்குப் போவது எங்கே? தோல் தொழிலால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கும் நாகல்கேணிக்கும், சானடோரியத்து ஏற்றுமதி மண்டலத்துக்கும் போகிறார்கள். பகலில் ஆலைப் புகை, இரவில் ஊர்ப் புகை. இதே தாம்பரத்தில் 1928-ல் காசநோயாளிகளுக்காக சானடோரியம் அமைத்தபோது, நல்ல காற்று உள்ள இடம் என்று தேடித்தான் அமைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி இன்றும் நெஞ்சு நோய்க்கே வைத்தியம் பார்க்கிறது. நல்ல காற்றுக்காகத் தேர்ந்த ஊரில் காற்றின் கணக்கைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா?

ஒரு தொழிலாளி நம்மைக் கேட்கக்கூடும்: "புகைக் கணக்கை நோண்டினால் ஆலையை மூடிவிடுவானே! எங்கள் அடுப்பில் புகை வராதே!" இது நியாயமான பயம். ஆனால் ஆலையை மூடவைப்பது உண்மைக் கணக்கல்ல; வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட கணக்குதான். திருப்பூரைப் பாருங்கள். கழிவுநீர் நிபந்தனையை நிறைவேற்றாமல் நாளைக் கடத்தியதன் முடிவாக, 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே அடியில் மூடப்பட்டன. அன்று தெருவில் நின்றது யார்? கணக்கைக் கடத்திய முதலாளிகளைவிட, கூலிக்கு உழைத்தவர்களே!

உண்மைக் கணக்கோ ஆலையை வாழவைக்கும். கரும்புகை என்பது எரியாத கரி. முதலாளி காசு கொடுத்து வாங்கி வானத்துக்கு அனுப்பும் எரிபொருள். சூரத்தில் 2019-ல், 300-க்கு மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் தானாக அளக்கும் கருவிகளை வைத்து, தூசுக்கு மொத்த வரம்பு கட்டி, அனுமதிச் சீட்டுகளை ஆலைகளுக்குள் கைமாற்றிக்கொள்ளும் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். திட்டத்தில் சேர்ந்த ஆலைகளில் தூசு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. புகையைச் சீட்டுப் போட்டு விற்பது சரிதானா என்பது வேறு விவாதம். நிஜமாக அளந்தால் நிஜமாகக் குறையும் என்பதில் விவாதமே இல்லை.

ஆகவே நாம் கோருவது இது. தணிக்கைக் கட்டணத்தை முதலாளிகளிடம் வசூலித்துப் பொது நிதியில் வைத்து, அதிலிருந்து தணிக்கையாளருக்குக் கூலி தரவேண்டும். அளந்ததில் ஒரு பங்கை முன்னறிவிப்பின்றி மறுபடி அளக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி ஆலை வாசலிலும் வார்டு ஆபீசிலும் ஒட்ட வேண்டும். பாய்லர் ஆபரேட்டர் தன் ஷிப்டில் கண்டதைத் தன் கையால் ரிஜிஸ்தரில் எழுத உரிமை வேண்டும். எழுதியதை மேலிருப்பவர் திருத்தக் கூடாது. உண்மை எழுதியதற்காக எவர் வேலையும் போகக் கூடாது. தீயின் எதிரே எட்டு மணி நேரம் நிற்பவனுக்குத் தெரியாத புகையின் நிறம், வருஷத்துக்கு ஒரு நாள் வருபவனுக்கா தெரியப்போகிறது?

சர்க்கார் இதைச் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 2021-ல் செம்பாக்கம் நகராட்சியோடு தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த ராஜகீழ்ப்பாக்கத்தின் கிளைத் தோழர்களே இதைத் தொடங்கலாம். மாநகராட்சி எல்லைக்குள் எத்தனை பாய்லர்கள் பதிவாகியுள்ளன என்று பாய்லர் இயக்ககத்தைக் கேளுங்கள். அவற்றின் புகை கடைசியாக என்று அளக்கப்பட்டது, அளந்தவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள். வரும் பதிலைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். அதில் எண்கள் எல்லாம் 150-க்குச் சற்றுக் கீழே வரிசையாக நின்றால், அடுத்த கேள்வி என்ன என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.