கரும்பலகையும் நோட்டுப் புத்தகமும்

சென்ற வாரம் என் மாணவி ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். கைப்பேசியில் இரண்டு மணி நேரம் எழுதிய கட்டுரை, நடுவே காமிராவைத் திறந்து மூடியதும் மாயமாய் மறைந்துவிட்டதாம்.

கைப்பேசிக்குள் இரண்டு இடங்கள் உண்டு. வேலை நடக்கும் தற்காலிக நினைவகமாகிய 'ராம்' வகுப்பறைக் கரும்பலகையை ஒத்தது. கோப்புகள் தங்கும் 'பிளாஷ்' சேமிப்பகமோ நோட்டுப் புத்தகம். மின்சாரம் நின்றாலும் அதில் பதிந்தது அழியாது.

காமிரா போன்ற பெரிய வேலை வந்து பலகையில் இடம் நெருக்கடியானால், ஆண்ட்ராய்டும் ஐ.ஓ.எஸ்ஸும் முதலில் உள்ளதைச் சுருக்கி இடம் பண்ணிப் பார்க்கும். அதுவும் போதாவிடில், பின்னணியில் நிற்கும் செயலிகளில் சிலவற்றை நம்மைக் கேளாமலே துடைத்துவிடும். கண்முன் நடக்கும் வேலை தடைப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகையால், இடம் பண்ணுவதாக எண்ணிச் செயலிகளை நாமே ஓயாமல் மூடுவது வீண் சிரமம். மறுபடி திறக்க மின்சாரமே அதிகம் செலவாகும்.

நல்ல செயலி, பின்னணிக்கு ஒதுங்கும்போதே எழுதியதைக் கோப்பில் பதிந்துகொள்ளும். அவள் உபயோகித்தது அவ்வாறு செய்யவில்லை.

அன்பர்களே, தங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எழுதினால், பத்திக்கு ஒருமுறை 'சேமி' என்பதைத் தொடச் சொல்லுங்கள். என் மாணவி கட்டுரையை மீண்டும் எழுதிவிட்டாள், இம்முறை நோட்டிலே.