தனியாகக் கப்பலேறினால் ஏன் இருவர் கட்டணம்?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் பயணங்களுக்கான விளம்பரங்கள் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெருகிவிடுகின்றன. பெரிய எழுத்தில் விலை இருக்கும். அதன் பக்கத்தில் ‘ஒருவருக்கு’ என்ற சொல்லும் இருக்கும். ஆனால் அடியில், மூக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், இன்னொரு வரி இருக்கும்: ‘இருவர் தங்கும் அறையின் அடிப்படையில்’.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த வரியால் எந்தப் பாதிப்பும் இல்லை. கணவரை இழந்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், துணைவர் நோயாளியாகி வீட்டில் இருப்பவர், பிள்ளைகள் வேலை வேலையென்று ஓடிக்கொண்டிருப்பதால் துணைக்கு ஆள் கிடைக்காதவர் ஆகியோருக்கு முழு விலையும் அந்த வரியில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 3 இரவுப் பயணத்துக்கு ஒருவருக்கு 1,200 ரிங்கிட் என்று விளம்பரம் சொன்னால், தனியாகப் போகிறவர் பெரும்பாலும் 2,400 ரிங்கிட் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது கட்டில் காலியாக இருக்கும். அதற்கும் அவர்தான் பணம் கட்டுகிறார்.

கப்பல் தொழிலில் இதைத் ‘தனியாள் கூடுதல் கட்டணம்’ என்கிறார்கள். சில நிறுவனங்கள் சில பயணங்களில் கூடுதலாக 25 அல்லது 50 விழுக்காட்டுடன் நிறுத்திக்கொள்வதும் உண்டு. ஆனால் முழு 100 விழுக்காடு என்பதுதான் வழக்கம்.

தனியாகப் பயணம் செய்கிறவர்களைக் கப்பல் நிறுவனங்கள் எந்த அளவுக்கு வரவேற்கின்றன என்ற கேள்வி இங்குள்ள தமிழர்களுக்கும் முக்கியமானது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் மட்டுமே வாழும் குடும்பங்கள் 12.2 விழுக்காடாக இருந்தன. 2020ல் அது 16 விழுக்காடாக உயர்ந்தது. தனியாளுக்கு எளிதில் இடம் கொடுக்காத வீவக கூட, 35 வயதான ஒற்றையர் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு எந்த வட்டாரத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 2024 அக்டோபரில் விதியைத் தளர்த்தியது. மலேசியாவிலும் நிலை மாறிவிட்டது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில், பிள்ளைகள் ஷா ஆலமிலும் ஜொகூர் பாருவிலும் இருக்க, அம்மா மட்டும் பழைய தாமானில் தனியாக இருப்பது இன்று எந்த ஊரிலும் காணக்கூடியதுதான்.

அந்த அம்மாவுக்குக் கையில் கொஞ்சம் சேமநிதிப் பணம் இருக்கிறது. கடலில் மூன்று நாள் போய்வர ஆசையும் இருக்கிறது. பயண முகவரிடம் விலை கேட்டதும் ஆசை அடங்கிவிடுகிறது.

கணக்கு எங்கே இருக்கிறது?

கப்பல் நிறுவனங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவர்களுடைய கணக்கைப் புரிந்துகொண்டால்தான் எங்கே பேரம் பேச முடியும் என்பது தெரியும்.

ஓர் உல்லாசக் கப்பலில் விற்பனைக்கு உள்ள பொருள் அறை. ஒவ்வோர் அறையிலும் இருவர் என்று வைத்துத்தான் கப்பலின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் ஏறும்போது அந்தக் கணக்கு 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் 105, 108 விழுக்காடு நிரம்பியதாகக் காட்டுவது இப்படித்தான். அதே கணக்கில் ஒருவர் மட்டும் தங்கும் அறை பாதி காலி.

டிக்கெட் மட்டுமே வருமானம் என்றால், இருவர் கட்டணத்தை ஒருவரிடம் வாங்கியதோடு கணக்கு சரியாகியிருக்கும். ஆனால் கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய குழுமங்களின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணி கப்பலில் ஏறிய பிறகு செய்யும் செலவிலிருந்து வருகிறது. மதுபானம், சூதாட்டம், ஸ்பா, இணையச் சேவை, கரைச் சுற்றுலா, சிறப்பு உணவகம் எல்லாம் அதில் அடங்கும். ஒருவர் இரண்டு டிக்கெட் விலை கொடுத்தாலும் இரண்டு பேரின் செலவைச் செய்வதில்லை. நிறுவனத்தின் கண்ணில் முழுக் கட்டணம் கட்டிய தனியாளும் கொஞ்சம் நட்டம்தான்.

இதற்கு ஒரே விதிவிலக்கு சூதாட்டக் கூடம். கப்பல் அனைத்துலகக் கடற்பகுதியை அடைந்ததும் திறக்கப்படும் அந்தக் கூடத்தில் நிறைய செலவழிக்கும் வாடிக்கையாளருக்கு அடுத்த பயணத்தில் அறையை மலிவாகவோ இலவசமாகவோ கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அவர் தனியாக வந்தாரா, ஜோடியாக வந்தாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஓய்வுபெற்றவர்களுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியல்ல.

தலைக்கு ஒரு டிக்கெட் இருந்த காலம்

கப்பலில் தனியாள் என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. ரஜுலா கப்பலை அறியாத மூத்த தமிழர் இங்கு குறைவு. 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதன் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடிக்கும்வரை அதே வழியில் ஓடியது. அவற்றில் தனியாக வந்தவர்கள் ஏராளம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாள் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தலைக்கு ஒரு டிக்கெட், அவ்வளவுதான். வராத மனைவிக்கும் சேர்த்து யாரும் பணம் கட்டவில்லை.

மேலைநாட்டுப் பெருங்கப்பல்களிலும் ஒருகாலத்தில் ஒற்றைக் கட்டில் அறைகள் இருந்தன. வேலைக்காகவும் குடியேறவும் கடல் கடந்தவர்களில் பலர் தனியாள்கள். விமானம் அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் விடுமுறைக்கான பொருளாக மாறியது. விடுமுறை என்றால் ஜோடி, குடும்பம் என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். 2004ல் ஓடத் தொடங்கிய குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் ஒற்றையாள் அறை ஒன்றுகூட இல்லை. 2016ல் கப்பலைப் புதுப்பித்தபோதுதான் 15 அறைகள் சேர்த்தார்கள். 2,600க்கும் அதிகமான பயணிகள் செல்லும் கப்பலில் 15 அறைகள்!

மாற்றத்தைப் பெரிய அளவில் தொடங்கியது நார்வீஜியன் நிறுவனம். 2010ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனியாளுக்கென்றே 128 சிற்றறைகள் கட்டப்பட்டன. சுமார் 100 சதுர அடி, கடலைப் பார்க்கும் ஜன்னல் கிடையாது, நடைபாதையைப் பார்க்கும் ஒரு கண்ணாடி மட்டும். ஆனால் கூடுதல் கட்டணம் இல்லை. அந்த அறைக்காரர்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு பொது ஓய்வறையும் இருந்தது. மாலையில் அங்கே கூடி, யார் யார் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். தனியாகப் போய் மேசையில் உட்கார்ந்து நான்கு பக்கமும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதுதான் பலருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய சங்கடம். அதை அந்த ஓய்வறை தீர்த்தது. பிரிட்டனின் சாகா நிறுவனம் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென 2019ல் இறக்கிய ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி கப்பலில் 554 அறைகளில் 109 தனியாள் அறைகள். ஐந்தில் ஒன்று. மூத்தவர்களை மனத்தில் வைத்துக் கப்பல் கட்டினால் தனியாளை ஒதுக்க முடியாது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இந்த அறைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்ணிக்கை குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் விலை ஏறிவிடுகிறது. இருவர் தங்கும் சாதாரண உள்ளறையை முழுக் கூடுதல் கட்டணத்துடன் எடுப்பது, ‘தனியாள் அறை’யைவிட மலிவாக அமைவதும் நடக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாமல் இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நிலை என்ன?

சாகாவின் கப்பல் பிரிட்டனிலிருந்து புறப்படுகிறது. மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்திலிருந்தும் ஹார்பர்ஃபிரண்டிலிருந்தும் ஆண்டு முழுவதும் புறப்படும் கப்பல்களின் பயணம் பெரும்பாலும் 2 முதல் 5 இரவுகள். கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்புகின்றன. அவை குடும்பங்களையும், அலுவலகக் குழுக்களையும், இந்தியாவிலிருந்து வரும் கூட்டுக் குடும்பங்களையும் நம்பி ஓடுபவை. சைவ உணவு, ஹலால் உணவு, இந்திய உணவு என்று சாப்பாட்டு விஷயத்தில் காட்டும் அக்கறையைப் பாராட்டத்தான் வேண்டும். தனியாள் அறை என்று வரும்போது அந்த அக்கறை சுருங்கிவிடுகிறது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடிய குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் தனியாள் அறைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பால்கனியும் உண்டு. ஆனால் 2,000க்கும் மேற்பட்ட அறைகளில் அவை 30ஐத் தாண்டாது.

புதிதாக வரும் கப்பல்களும் குடும்பத்தையே நோக்குகின்றன. 2026 மார்ச் 10 முதல் சிங்கப்பூரிலிருந்து ஓடும் என்று அறிவிக்கப்பட்ட டிஸ்னி அட்வென்ச்சர் ஏறத்தாழ 6,700 பயணிகளை ஏற்றக்கூடியது. வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், கப்பலையே சுற்றுலாத் தலமாகக் காட்டும் 3, 4 இரவுப் பயணங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கொண்ட அறைதான் அதன் இலக்கு.

இந்த நான்கு பேர் அறையில் நம் குடும்பங்களில் வழக்கமாக நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால், ‘அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடலாம்’ என்று மகன் முடிவு செய்வார். பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளின் அறையில் சோபா கட்டில். இரவு நிகழ்ச்சிக்கு மகனும் மருமகளும் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டி. பாசத்தில் குறையில்லை. ஆனால் வாழ்நாளில் முதல்முறை கடல் பார்க்கப் போனவர், வீட்டில் செய்யும் அதே வேலையை 15ஆவது மாடியில் செய்துவிட்டுத் திரும்புகிறார். அவர் தனியாகப் போக ஆசைப்பட்டால், ‘ஏம்மா, எங்களோட வந்தா பத்தாதா?’ என்று கேட்கும் வீடுகளே அதிகம். கப்பல் நிறுவனம் விலையில் சொல்வதைத்தான் வீடு வேறு வார்த்தையில் சொல்கிறது.

என்ன செய்யலாம்?

நம் கோயில் குழுக்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டன. காசி, இராமேஸ்வரம் யாத்திரைக்குத் தனியாக வரும் இரண்டு, மூன்று பெண்களை ஒரே அறையில் சேர்த்துவிடுவார்கள். அறைச் செலவு பங்காகிவிடும். கப்பலிலும் இது செல்லும். இருவர் அறையை இரண்டு தோழிகள் எடுத்தால் விளம்பர விலை அப்படியே கிடைக்கும். குழுவாகப் பதிவு செய்யும் பயண முகவர்களிடம், தனியாக வரும் இன்னொரு பெண் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் கப்பல் அறை யாத்திரை விடுதி அறையைவிடச் சிறியது. குறட்டை, இரவில் எழுந்து குளியலறைக்குப் போவது, இன்சுலின் ஊசி, விடியற்காலை விளக்கேற்றும் பழக்கம் (கப்பல் அறையில் நெருப்புக்கு அனுமதி கிடையாது) எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் சந்தித்துத் தேநீர் குடிப்பது நல்லது. கட்டில்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்வதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் ஒரே பெரிய கட்டிலாக விரித்து வைத்திருப்பார்கள்.

தனியாகத்தான் போவேன் என்பவர்களுக்குக் காலம் முக்கியம். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி வார இறுதிகளில் நான்கு பேர் குடும்பங்கள் வரிசையில் நிற்கும்போது தனியாளுக்குச் சலுகை கிடைக்காது. பள்ளி நடக்கும் மாதங்களில், வாரநாளில் புறப்படும் பயணங்களில், அறைகள் விற்காமல் தேங்கும்போதுதான் நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தைக் குறைக்கின்றன. வேலைக்குப் போகாத ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த நாள்கள் வசதியானவையும்கூட.

முகவரிடம் ‘ஒருவருக்கு எவ்வளவு?’ என்று கேட்டால் விளம்பர விலைதான் பதிலாக வரும். ‘அறையில் நான் ஒருத்தி மட்டும், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தாளில் துறைமுக வரியும் அன்றாடச் சேவைக் கட்டணமும் எத்தனை பேருக்குப் போடப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். அறை விலை இருமடங்காகலாம். ஆனால் துறைமுக வரி ஆளுக்குரியது, ஏறாத ஆளுக்கு அதைக் கட்ட வேண்டியதில்லை. சேவைக் கட்டணமும் வழக்கமாக ஒருவருக்குத்தான். ராயல் கரீபியன் போன்ற நிறுவனம், முழுக் கூடுதல் கட்டணம் கட்டித் தனியாக வரும் உறுப்பினருக்கு இரவுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிகள் தருகிறது. கேட்காமல் விட்டவர்கள் பலர்.

சாப்பாட்டு மேசையையும் பதிவின்போதே பேசலாம். மற்றவர்களோடு சேர்ந்து உட்காரும் மேசை வேண்டும் என்று சொன்னால், இடமிருந்தால் முதல் இரவிலிருந்தே போட்டுத் தருவார்கள். மூன்று இரவுப் பயணத்தில் இரண்டாம் நாள் போய்க் கேட்டால், முகம் பழகுவதற்குள் கப்பல் மரினா பேக்குத் திரும்பியிருக்கும்.