மாற்றுமுன் அளந்தறிக

பழுதுற்ற கருவியைச் செப்பஞ் செய்வோர் இருதிறத்தார். கைக்கு அகப்பட்ட உறுப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்போர் ஒருதிறத்தார். பழுது எவ்விடத்தது என அளந்து கண்டு, அதனை மட்டும் நீக்குவோர் மறுதிறத்தார். முன்னவர் முயற்சி சிலபோது பலித்தலும் உண்டு. ஆயினும் அது கல்வியாகாது. பின்னவரை ஆக்குவதே பாடசாலையின் கடன் என்பது எம் துணிபு. தமிழாசிரியர்க்கு மின்சுற்றில் என்ன வேலை என வினவுவார்க்கு விடை பின்னர்க் கூறுவாம்.

சிறு கணினியொன்றைக் கொண்டு நீர்ப்பம்பியை இயக்கும் அமைப்பு, இன்று பாடசாலைக் கண்காட்சிகளில் பெருவழக்காயுள்ளது. 2012இல் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை இத்தகைய கணினிகளுள் ஒன்று. அதன் வெளியீட்டு முனை தருவது 3.3 வோல்ற்று, ஒரு முனையினின்று 16 மில்லியம்பியருக்கு மேல் எடுத்தலாகாது. றிலே எனப்படும் மின்காந்த ஆளியின் 5 வோல்ற்றுச் சுருளோ ஏறத்தாழ 70 மில்லியம்பியர் வேண்டி நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைநின்று உதவுவது, 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிரட்டெயின் என்போர் ஆக்கிய திரான்சிற்றர். பெரஹெராவில் பாகனது சிறு அங்குசம் பெருங்களிற்றை நடத்துமாறு போல, அடியிற் செல்லும் சிறு மின்னோட்டம் சேகரிப்பானிற் செல்லும் பெரு மின்னோட்டத்தை ஆளுகின்றது.

அண்மையில் கண்டிப் புறத்தே பாடசாலை ஒன்றில் மாணவர் அமைத்த இத்தகைய சுற்றொன்று இயங்க மறுத்தது. திரான்சிற்றரை மும்முறை மாற்றினர், றிலேயை மாற்றினர், ஈற்றில் கணினியையே குறை கூறினர். பல்மானியை எடுத்தாரல்லர். எடுத்திருப்பின் உண்மை உடனே புலனாகியிருக்கும். அடியில் இட்ட தடையி 10,000 ஓம். 3.3இல் அடிக்கும் காலிக்கும் இடைப்பட்ட 0.7 வோல்ற்றுக் கழிய எஞ்சுவது 2.6, ஆகவே அடிக்குச் செல்வது 0.26 மில்லியம்பியரே. திரான்சிற்றர் அதனை நூறு மடங்காக்கினும் 26 மில்லியம்பியர்தான். 70 ஓம் சுருளில் அதனால் எழுவது 1.8 வோல்ற்று, எஞ்சிய 3.2 வோல்ற்றும் திரான்சிற்றரிலேயே தங்கும். ஆளி எங்ஙனம் மூடும்? 330 ஓம் தடையியை இட்டால் அடிக்கு ஏறத்தாழ 8 மில்லியம்பியர் செல்லும், திரான்சிற்றர் நிரம்பல் நிலை எய்தும், முனைக்கும் ஊறில்லை. பழுதற்ற திரான்சிற்றர்கள் வீணே குப்பையிற் சேர்ந்தன.

இங்ஙனமே, ஆளி திறக்குந்தோறும் கணினி நின்று மீளத் தொடங்குமாயின், சுருளுக்குக் குறுக்கே இருவாயி உளதா என முதலில் நோக்குக. மின்னோட்டம் திடீரென அறுபடும்போது சுருளில் எழும் உயரழுத்தத்தைத் தணிப்பது அதுவே. கணினிக்கும் திரான்சிற்றருக்கும் பொதுப் புவி இணைப்பு உண்டா என்பதும் நோக்கத்தக்கது. இச்சோதனைகள் முடியுங்காறும் 230 வோல்ற்று மின்னை றிலேயின் அருகே கொணர்தல் கூடாது.

திரான்சிற்றரின் விலை அற்பம்; மாற்றிப் பார்த்தலில் என்ன கேடு என்பாரும் உளர். பொருளின் விலை அற்பமே. ஆயின், காரணம் அறியாமலே கைவிடும் பழக்கத்தின் விலை பெரிது. மும்முறை தோற்ற மாணவன், “இத்துறை எமக்குரியதன்று” என ஒதுங்குகின்றான். 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. எனினும், மலையகத்து மாணவன் தன்னைத்தானே விலக்கிக்கொள்வானாயின் அவ்வாயிலால் அவனுக்குப் பயன் யாது?

இனி, தமிழாசிரியர் வேலை. “வேலை செய்யவில்லை” என்பது முறைப்பாடு; “முனையில் 3.3 வோல்ற்று உண்டு, சுருளில் 1.8 வோல்ற்றே உண்டு” என்பது அறிவு. முன்னதைப் பின்னதாக்கும் பயிற்சி மொழிப்பயிற்சியேயாம். பழுதைத் தெளிவான வாக்கியத்தில் எழுதவல்லவன் அதனைப் பாதி கண்டவனாவான். நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை, மின்சுற்றுக்கும் பொருந்துவதே.

ஆதலின், கண்காட்சிகளில் இயங்கும் பொருளுக்கு மட்டுமன்றி, பழுதுகண்ட குறிப்பேட்டுக்கும் புள்ளி வழங்குதல் வேண்டும். இயங்காத சுற்றாயினும், அது இயங்காமைக்குக் காரணம் காட்டிய மாணவன் பரிசுக்குரியவனே. பழைய மாணவரிடம் எமக்கொரு விண்ணப்பம் உண்டு. அருகே பேராதனையில் பொறியியற் பீடம் உளது. நும்முள் பொறியியலாளரும் மின்வினைஞரும் உளர். விழாவை ஒட்டிக் கேடயங்கள் வழங்க எண்ணுவோர், அவற்றுள் ஒன்றின் விலைக்குச் சில பல்மானிகள் வாங்கித் தருக. தவணைக்கு ஒரு பிற்பகல் வந்து, மாணவருடன் அமர்ந்து அளந்து காட்டுக. கேடயம் அலுமாரியில் இருக்கும். அளக்கக் கற்ற கை வாழ்நாள் முழுதும் உதவும்.