போட் மெயிலில் போனது பட்டுச்சேலை மட்டுமா?

தனுஷ்கோடி ஸ்டேசனின் இடிந்த சுவரைப் படத்தில் கண்டால் போதும், எங்கட ஆட்களுக்குப் பெருமூச்சு வந்துவிடும். "கொழும்பு கோட்டையில கோச்சி ஏறி, தலைமன்னாரில கப்பல் மாறி, எழும்பூரில போய் இறங்கின காலம் அது" என்று தொடங்குவார்கள். பிறகு காஞ்சிபுரம் பட்டு, எம்.ஜி.ஆர் படம், மெட்ராஸில் படித்த மாமா, நல்லூருக்கு வந்த நாதஸ்வரக்காரர்... கனடாவில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் கதை இதேதான்.

கதை பொய் இல்லை. ஆனால் அது கோச்சியின் முன்பெட்டிக் கதை. பின்பெட்டியில் நெருக்கி ஏற்றப்பட்ட சனத்தின் கதையை யார் சொல்வது?

பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலும் கடலை ஒட்டி ஸ்டேசன். தனுஷ்கோடி மீன்பிடிக் கிராமம், தலைமன்னார் மணல் திட்டு. இந்த இரண்டு பட்டிக்காட்டு முனைகளுக்கும் இவ்வளவு இரும்பும் காசும் கொட்டிப் பாதை போட்ட வெள்ளைக்காரன், நாங்கள் சேலை வாங்கவா போட்டான்? தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணி பிடித்துக்கொண்டு வரும் சனத்தைத் தோட்டத்துக்கு அள்ளிப் போவதற்கு ஒரு பாதை வேண்டும். போட் மெயிலின் முக்கிய வேலைகளில் ஒன்று அதுதான்.

அந்தச் சனம் நேராகக் கப்பல் ஏறவில்லை. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு என்று அடைத்து வைத்தார்கள். குளிப்பாட்டி, மருந்தடித்து, ஊசி போட்டு, நம்பர் அடித்த தகரத் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வழிச்செலவும் முற்பணமும் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனால் துண்டும் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு அந்தக் கோச்சியும் இல்லை. 1820களில் இருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லறையும் இல்லை.

இனி 1964க்கு வாருங்கள். டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாத ஒக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் நடந்தது எத்தனை பேருக்கு ஞாபகம்? சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாய் நின்ற 975,000 பேரை இரண்டு அரசுகளும் மேசையில் வைத்துப் பங்கு பிரித்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று! அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தனுஷ்கோடி போய்விட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்குத் திருப்பப்பட்டது. தலைமன்னார் ஸ்டேசன் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்தது. தாத்தாவை இறக்கிய அதே இறங்குதுறையில் பேரனை ஏற்றினார்கள். மலைநாட்டில் இருந்து கோச்சி புறப்படும்போது பிளாட்பாரமே ஒப்பாரி வைத்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அக்கரையில் மறுபடியும் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரிக்கும் வேறு இடங்களுக்கும். இங்கே "கள்ளத்தோணி", அங்கே "சிலோன்காரன்". 1984இல் கப்பல் நின்றது. 1990இல் யுத்தத்தில் கோச்சியும் நின்றது. தண்டவாளத்தைக் காடு மூடியது.

2006இல் ஏ9 பாதை மூடப்பட்டபோது என் பல்கலைக்கழகப் படிப்பும் பாதியில் மூடப்பட்டது. படகேறி அக்கரை போய் அதே மண்டபம் முகாமில் நானும் வரிசையில் நின்றவன். கூலி, தாயகம் திரும்பியவர், அகதி: மூன்று பெயரில் மூன்று காலத்தில் தமிழனை வாங்கி அடைத்தது ஒரே முகாம். அதனால்தான் போட் மெயில் கதையை வெறும் பட்டுச்சேலைக் கதையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வளைகுடாவிலும் ஒரு பழைய ரயில் கதை உண்டு. டமாஸ்கஸில் இருந்து மதீனா வரைக்கும் 1,300 கிலோமீற்றர் அளவில் ஹிஜாஸ் ரயில். சுல்தான் அப்துல் ஹமீத் 1900இல் தொடங்கினார், 1908இல் மதீனாவைத் தொட்டது. இந்திய முஸ்லிம்களும் காசு கொடுத்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில் உடைந்த பாதை சவூதிப் பக்கத்தில் பிறகு எழும்பவேயில்லை. பாலைவனத்தில் அநாதையாய்க் கிடந்த ஸ்டேசன்களில் மதீனா ஸ்டேசன் இன்று மியூசியம். மதாயின் சாலிஹ் ஸ்டேசனைத் திருத்தி இன்று ஆடம்பர விடுதியோடு சேர்த்துவிட்டார்கள். நல்லது, இடிந்து போகவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரைச் சொல்கிறார்கள்? சுல்தானை, ஜெர்மன் என்ஜினியரை, குண்டு வைத்த லோரன்ஸை. வெயிலில் தண்டவாளம் சுமந்த ஒட்டோமன் சிப்பாய் எங்கே? கல்லைக் காப்பாற்றுவது வேறு, கதையைக் காப்பாற்றுவது வேறு.

எங்கட பக்கத்திலும் அதுதான் நடக்கிறது. தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் பாதையை இந்திய நிறுவனம் திரும்பப் போட்டது, 2015 மார்ச்சில் மோடி வந்து கொடியசைத்தார். தனுஷ்கோடிக்குத் திரும்பப் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பேச்செல்லாம் நட்புறவு, சுற்றுலா. அந்தப் பாதையால் விரட்டப்பட்ட சனம் அந்தப் பேச்சில் எங்கே?

"யாழ்ப்பாணத்தான் என்ன செய்தான், எல்லாம் சிங்கள அரசு செய்தது" என்று சிலர் உடனே வருவீர்கள். குடியுரிமையைப் பறித்தது அரசுதான். அந்தப் பிரச்சினையில் காங்கிரசை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய செல்வநாயகத்தையும் நான் மறக்கவில்லை. ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எந்தப் பாராளுமன்றமும் சட்டமாகப் போடவில்லை ஐயா. அது எங்கட வீட்டு அடுப்படியில் பிறந்த சொல். அந்த வாயாலேயே போட் மெயில் புராணம் பாடினால் காது கூசுகிறது.

நான் வேலை செய்கிற ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவுகிற ஹட்டன் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் பெரியப்பா குடும்பம் கோத்தகிரியில், இவன் குடும்பம் லயத்தில். ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு எடுத்த காசை இரண்டாவது வருசமாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். கங்காணியின் துண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தகரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை. அவ்வளவுதான்.

2023இல் மலையக மக்கள் தங்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். பாட்டன் நடந்த அதே திசை. இருநூறு வருசம் கழித்து நினைவுபடுத்துவதற்கும் அவர்களேதான் நடக்க வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்த எங்கட சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டுகின்றன, கோயிலுக்குத் தேர் செய்கின்றன. தலைமன்னார் இறங்குதுறையில் ஒரு கல் நட எத்தனை காசு வேண்டும்? வந்தவர்கள், வழியில் செத்தவர்கள், திருப்பி ஏற்றப்பட்டவர்கள் என்று மூன்று வரி. அதே கல் தனுஷ்கோடி ஸ்டேசன் சுவருக்குப் பக்கத்திலும்.

ஒப்பந்தத்தின் தொடக்க ஆண்டுகளில் கப்பல் ஏறியவர்களில் சிறு பிள்ளைகளாய் இருந்தவர்களுக்கே இப்போது அறுபது வயதளவில் ஆகிவிட்டது. பேசக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கையில் இருக்கிற போனில் பதிவு செய்தால் போதும், பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நாவலப்பிட்டியிலோ நீலகிரியிலோ ஒருவரையாவது தெரிந்தவர்கள் இந்த வெள்ளிக்கிழமையே கோல் எடுங்கள். சேலைக் கதையைப் பிறகு கேட்கலாம், அதைச் சொல்ல எங்களிடம் ஆட்களுக்குக் குறைவே இல்லை.